பொதுச்சுவரும் பதிவேடும்: லண்டன் மாநகரின் தீச்சுவர் விதிகளும் வலையமைப்புக் காவலும்

கணினி வலையமைப்பின் எல்லையில் நின்று, எந்தத் தரவுப் பொதியை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது எனத் தீர்மானிக்கும் அமைப்பினைத் தமிழில் தீயரண் என்றும் தீச்சுவர் என்றும் இரு பெயர்களால் வழங்குகின்றனர். இவ்விரு சொற்களும் ஒரே பொருளைக் குறித்தாலும், அவை மனத்தில் எழுப்பும் காட்சிகள் வேறானவை. அரண் என்பது கோட்டை. பகைவர் வெளியே, குடிகள் உள்ளே. திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. சுவர் என்பதோ வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்பது. தமிழகத்து வீட்டுப் பத்திரங்களில் நான்கெல்லை கூறுமிடத்து இன்றும் பயிலும் ‘பொதுச்சுவர்’ என்னும் சொல் இதற்கு மிக நெருக்கமானது. அச்சுவர் இருவர்க்கும் உரியது. ஒருவர் விருப்பப்படி அதில் வாயில் திறக்க இயலாது.

ஆங்கிலத்தில் இக்கருவிக்கு அமைந்த பெயர் கோட்டையிலிருந்து வந்ததன்று. கட்டடத் தொழிலின் பொதுச்சுவரிலிருந்து வந்தது. ஒரு வீட்டில் பற்றிய நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவாதவாறு எழுப்பப்படும் கனத்த சுவரையே அச்சொல் முதலில் குறித்தது. இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கோட்டை என்று கருதுவோர் வெளிவாயிலில் மட்டும் கருத்தூன்றுவர். பொதுச்சுவர் என்று கருதுவோர், உள்ளே எத்தனைச் சுவர்கள் உள்ளன, அவற்றில் எவர் எப்போது எதற்காகத் துளையிட்டனர் என்று வினவுவர். லண்டன் மாநகரின் எண்ணூறாண்டு வரலாறு இரண்டாவது வினாவின் வரலாறாகும். அவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயம், தமிழ் நூல்களையும் சுவடிகளையும் பேரளவில் காத்துவரும் ஒரு நூலகத்தில் நிகழ்ந்தமையால் தமிழாய்வுலகம் அதனைத் தொலைவில் நின்று பார்க்க இயலாது.

மூன்றடிக் கல்

லண்டனின் முதல் மேயரான ஹென்றி பிட்ஸ் ஆயில்வினுடன் இணைத்துப் பேசப்படும் கட்டட விதித்தொகுப்பு, 1189ஆம் ஆண்டுக்குரியதாக மரபாகக் கூறப்படுகிறது. அண்டை வீட்டார் இருவரும் ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் தந்து, மூன்றடி கனமும் பதினாறடி உயரமும் உடைய கற்சுவரைத் தம் செலவில் எழுப்புதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒருவர் வறியவராயின் அவர் மூன்றடி நிலத்தையும் தருவார். மற்றவர் தம் செலவிலேயே சுவரைக் கட்டிக்கொள்வார். நெருப்புக்கு எதிரான காவலை இருவர்க்கிடையிலான உடன்பாடாகவே இவ்விதி கண்டது. கல்லின் கனத்தை மட்டுமன்றி நிலம் யாருடையது, செலவு யாருடையது என்பதையும் அது சேர்த்தே வரையறுத்தது.

உடன்பாடு இருக்குமிடத்துப் பிணக்கும் இருக்கும். சுவரில் பலகணி திறந்தது, பொதுச்சுவரின் மேல் உத்தரம் ஏற்றியது முதலான வழக்குகளை மேயரும் நகரவையினரும் நேரில் சென்று பார்த்துத் தீர்த்தனர். 1301 முதல் 1431 வரையிலான அவ்வழக்குகளின் சுருக்கத்தை லண்டன் ரெக்கார்டு சொசைட்டி 1973இல் நூலாக வெளியிட்டது. அவற்றைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். சுவர் கட்டுவது ஒருமுறைப் பணி. அதிலுள்ள திறப்புகளைக் கணக்கில் வைத்திருப்பதோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பணி.

1666 செப்டம்பர் 2ஆம் நாள் புட்டிங் சந்தில் ஒரு ரொட்டிச் சூளையில் பற்றிய தீ, நான்கு நாள்களில் 13,200 வீடுகளையும் 87 கோவிற்பற்றுத் தேவாலயங்களையும் செயின்ட் பால் பேராலயத்தையும் அழித்தது. எரிந்த பரப்பில் 373 ஏக்கர் நகர மதிலுக்கு உள்ளேயும் 63 ஏக்கர் வெளியேயும் இருந்தன. உரோமர் காலத்து அடித்தளத்தின் மேல் நின்ற அப்பெருமதில் பகைவரைத் தடுக்க எழுந்தது. உள்ளே பிறந்த தீயை அது தடுக்கவில்லை, வெளியே பரவுவதையும் தடுக்கவில்லை. மரவீடுகள் தோளோடு தோள் உரசி நின்ற தெருக்களில் இடைச்சுவர் என்பதே பெயரளவில்தான் இருந்தது. 1189ஆம் ஆண்டு விதி ஏட்டில் இருந்தும் தெருவில் இல்லாமற் போனதற்கு, அதனைத் தொடர்ந்து மேற்பார்வையிடும் ஏற்பாடு இன்மையே காரணம் என்று கருத இடமுண்டு.

1667ஆம் ஆண்டின் மறுகட்டமைப்புச் சட்டம் வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, செங்கல்லாலோ கல்லாலோ மட்டுமே கட்டவேண்டும் என்றும் ஒவ்வொரு வகைக்கும் பொதுச்சுவர் இன்ன கனம் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 1707ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச்சுவர் கூரைக்கு மேல் 18 அங்குலம் உயர்ந்து நிற்கவேண்டும் என்றது. லண்டனின் பழைய தெருக்களில் கூரை வரிசையை வெட்டிக்கொண்டு எழும் செங்கல் விளிம்புகள் அச்சட்டத்தின் கண்கூடான எச்சங்கள். 1774ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடங்களை ஏழு தரங்களாக வகுத்ததோடு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உறுதிமொழி ஏற்ற அளவையர் ஒருவரையும் அமர்த்தச் செய்தது. கட்டுவோர் பணியைத் தொடங்குமுன் அவருக்கு அறிவித்தல் வேண்டும். பின்னாளில் வட்டார அளவையர்கள் அனுப்பிய அறிக்கைகள் லண்டன் ஆவணக்காப்பகத்தில் இன்றும் உள்ளன. சுவர்ச்சட்டம் இவ்வாறு பதிவேட்டுச் சட்டமாக மாறியதே 1774இன் உண்மையான புதுமை எனலாம்.

டூலி தெரு, 1861

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேம்சு ஆற்றங்கரையில் எழுந்த சரக்குக் கிடங்குகள் இவ்வொழுங்கைச் சோதித்தன. ஒரே கூரையின்கீழ் அளவற்ற சரக்கைக் குவிப்பது வணிகர்க்கு இலாபம்; தீயணைப்போர்க்கு அச்சம். எனவே சட்டம் சுவரின் கனத்திலிருந்து அறையின் கொள்ளளவுக்கு நகர்ந்தது. 1855ஆம் ஆண்டின் மாநகரக் கட்டடச் சட்டம் கிடங்கின் ஒரு பிரிவு 216,000 கன அடிக்கு மிகலாகாது என்றது. அஃதாவது ஒவ்வொரு பக்கமும் 60 அடி உடைய ஒரு கனசதுரம். அதற்கு மேல் வேண்டுவோர் இடையே பொதுச்சுவர் எழுப்பவேண்டும். ஆனால் சரக்கை அறைக்கு அறை நகர்த்த வழி வேண்டுமே? அதற்காகச் சுவர்களில் வாயில்கள் அனுமதிக்கப்பட்டன. அவற்றில் இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டன.

1861 ஜூன் 22ஆம் நாள் பிற்பகலில் டூலி தெருவை அடுத்த காட்டன் துறையில் தீப்பற்றியது. சணல், பருத்தி, கொழுப்பு, அரிசி, தேயிலை, நறுமணப் பொருள்கள் எனப் பேரரசின் நாலா திசைச் சரக்குகளும் அங்கு அடுக்கப்பட்டிருந்தன. கிடங்குகளுக்கிடையே தீச்சுவர்கள் இருந்தன. அவற்றில் இரும்புக் கதவுகளும் இருந்தன. சரக்கு ஏற்றியிறக்கும் வசதிக்காக அக்கதவுகள் திறந்தே விடப்பட்டிருந்தன. லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட், பேரளவுக் கிடங்குகளின் ஆபத்தைப் பற்றி முன்பே எச்சரித்து வந்தவர், அன்று மாலை இடிந்து விழுந்த சுவரின்கீழ் உயிரிழந்தார். நெருப்பு முற்றிலும் அணைய இரு வாரங்கள் ஆயின. காப்பீட்டு நிறுவனங்களுக்கு நேர்ந்த பேரிழப்பின் விளைவாக 1865இல் மாநகரத் தீயணைப்புப் படைச் சட்டம் இயற்றப்பட்டது.

டூலி தெருவில் சுவர் தோற்கவில்லை. சட்டமும் தோற்றதென்று சொல்வதற்கில்லை. முறைப்படி அனுமதிக்கப்பட்ட திறப்பு, அனுமதித்த காரணம் மறைந்த பின்னும் மூடப்படாமல் கிடந்தது. எந்தக் கதவை எவர், எப்பொழுது வரை திறந்து வைக்கலாம் என்று கேட்பாரும் இல்லை, குறிப்பாரும் இல்லை. கணினி வலையமைப்பின் தீச்சுவர்களைப் பேணுவோர் இன்று நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலின் முழு வடிவமும் இந்நிகழ்வில் அடங்கியுள்ளது.

1973 ஜூலை

1973 ஜூலை முதல் நாள், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நூலகப் பகுதி முதலான பல நிறுவனங்களை ஒன்றிணைத்து, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டிஷ் நூலகம் செயற்படத் தொடங்கியது. அதே ஜூலை 25ஆம் நாள், அருங்காட்சியகத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், பீட்டர் கிர்ஸ்டைன் தலைமையில் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் இயங்கிய குழு அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்புடன் முதற்பொதிகளைப் பரிமாறிக்கொண்டது. இரண்டுக்கும் அன்று எவ்விதத் தொடர்பும் இல்லை. ஐம்பதாண்டுகளுக்குப் பின்னரே அவ்விரு வரலாறுகளும் ஒன்றையொன்று தொட்டன.

இணைப்பு நார்வே வழியாகச் சென்றது. அதன் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். பொதிநிலைமாற்றக் கருத்தை உருவாக்கியோருள் ஒருவரான டொனால்டு டேவிஸ் பணியாற்றிய தேசிய இயற்பியல் ஆய்வகமும் அஞ்சல் துறையும் சிறு தொகைகள் வழங்கின. அமெரிக்காவிலிருந்து வந்த கருவி ஹீத்ரோ விமான நிலையத்தில் சுங்கத்தாரால் நிறுத்தி வைக்கப்பட்டது. இரவல் கருவி என்று சொல்லிச் சுங்க வரியிலிருந்து தப்பினாலும், அவ்வாண்டுதான் புதிதாக வந்த மதிப்புக் கூட்டு வரிக்கு உறுதித்தொகை கட்டுவதற்குள் கிர்ஸ்டைனின் கையிருப்பு கரைந்துபோயிற்று. உலக வலையமைப்பு லண்டனுக்குள் நுழைந்த வாயிலில் முதலில் நின்றவர் சுங்க அதிகாரி என்பது வரலாற்றின் சிறு நகைச்சுவை.

இங்கு முதன்மையானது வேறொன்று. ஆர்ப்பாநெட் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் உலகமாக இருந்த அக்காலத்திலேயே, லண்டன் நுழைவாயில் வழியாகச் செல்வோர் கடவுச்சொல் தந்தே செல்லவேண்டும் என்று கிர்ஸ்டைன் ஏற்பாடு செய்தார். பொருளாதாரமும் அரசியலும் அதற்குப் பின்னணி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வலையமைப்பும் பிரிட்டனின் பல்கலைக்கழகக் கணினிகளும் சந்திக்கும் இடத்தில், எவர் எதன் பொருட்டு எங்கே செல்கிறார் என்பதற்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு அந்நுழைவாயிலைப் பேணியவருடையதாக இருந்தது. 1189இன் மூன்றடிக் கல்லைப் போலவே, லண்டன் நுழைவாயிலும் இரு அண்டை வீட்டாருக்கிடையே நின்ற பொதுச்சுவர். அதன் பாதுகாப்பு பயனர் பட்டியலில் இருந்தது. பட்டியல் சிறிதாகவும், பட்டியலில் உள்ளோர் பெயரறிந்தவராகவும் இருந்தமையால் அதனைப் பேணுவது இயன்றது.

விதிப்பட்டியலின் ஒழுங்கு

1988 நவம்பர் 2ஆம் நாள் வெளிப்பட்ட மோரிஸ் புழு, சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கி, நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்த அவ்வுலகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில், டிஜிட்டல் எக்விப்மென்ட், ஏடி அண்டு டி பெல் ஆய்வகம் ஆகியவற்றின் பொறியாளர்கள் பொதிகளைச் சலித்தெடுக்கும் நுழைவாயில்களை உருவாக்கினர். பெயரறிந்த பயனர் பட்டியலின் இடத்தில் விதிப்பட்டியல் வந்தது.

அதன் இயக்கத்தை அறியாமல் அதன் வரலாற்றை அறிய இயலாது. ஒவ்வொரு விதியும் ஒரு வரி. பொதி எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, எந்தச் சேவையை நாடுகிறது என்னும் மூன்று நிபந்தனைகளும், விடு அல்லது தடு என்னும் ஒரு தீர்ப்பும் அதில் இருக்கும். வரும் பொதியைக் கருவி பட்டியலின் மேலிருந்து கீழாக ஒப்பிடும். முதலில் பொருந்தும் விதியின் தீர்ப்பே முடிவு, அதற்குக் கீழுள்ளவை பார்க்கப்படுவதில்லை. எவ்விதியும் பொருந்தாவிடின் இறுதியில் நிற்கும் பொதுத்தடை அதனை வீழ்த்தும். எனவே இப்பட்டியலில் வரிசையே பொருள். எடுத்துக்காட்டாக, ஒரு நூலகத்தின் பட்டியலில் 40ஆம் வரி ‘ஒப்பந்ததாரர் சுவடிப்படக் களஞ்சியத்துக்குச் செல்லலாகாது’ என்று இருக்கலாம். ஆனால் 12ஆம் வரியில், என்றோ ஓர் அவசர வேளையில், ‘ஒப்பந்ததாரர் எங்கும் செல்லலாம்’ என்று எழுதப்பட்டிருப்பின் 40ஆம் வரி இருந்தும் இல்லாததே. படிப்போர் கண்ணுக்கு அது காவலாகத் தோன்றும். கருவியோ அதனை ஒருநாளும் எட்டாது. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் எஹாப் அல்-ஷேர், ஹேசம் ஹமீது ஆகிய ஆய்வாளர்கள் இக்குறையை ‘நிழலிடுதல்’ என்று பெயரிட்டு, மிகைமை முதலான பிற முரண்களோடு 2003-04இல் வகைப்படுத்தினர்.

தொடக்ககாலக் கருவிகளில் இப்பட்டியலை ஒழுங்குபடுத்துவது பெரும்பாடாக இருந்தது. எண்ணிட்ட பழைய பட்டியல்களில் புதிய வரி எப்போதும் கடைசியில்தான் சேரும். நடுவே ஒன்றை நுழைக்கவோ ஒன்றை மட்டும் நீக்கவோ வேண்டுமாயின் பட்டியல் முழுவதையும் அழித்து மீண்டும் எழுதவேண்டும். பிரென்ட் சாப்மன் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், சில கருவிகள் வேகத்தின் பொருட்டு விதிகளைத் தாமாகவே வரிசை மாற்றிக்கொண்டு, எழுதியவர் கருதாத பொருளைத் தந்துவிடுகின்றன என்று சுட்டிக்காட்டினார்.

1994இல் இஸ்ரேலின் செக்பாயிண்ட் நிறுவனம் வெளியிட்ட பயர்வால்-1 என்னும் மென்பொருள் இந்நிலையை மாற்றியது. விதிகள் திரையில் அட்டவணையாகத் தோன்றின: மூலம், சேருமிடம், சேவை, நடவடிக்கை, பதிவு, கருத்து. சுட்டியால் ஒரு வரியை இழுத்து மேலே வைக்கலாம். புதிய வரியை ஒரு சொடுக்கில் சேர்க்கலாம். அதன்பின் வந்த இடைமுகங்கள் பெரும்பாலும் இவ்வட்டவணையின் வழிவந்தவையே. இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்விடைமுகம் சேர்ப்பதை எளிதாக்கிய அளவுக்கு நீக்குவதை எளிதாக்கவில்லை. சேர்க்கும்போது கேட்டவர் எதிரில் இருக்கிறார். நீக்கும்போது எவர் பணி நின்றுபோகும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே நிர்வாகி ஐயத்தின் பலனை விதிக்கே அளித்துவிடுகிறார். பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது. அவிஷாய் வூல் 37 நிறுவனத் தீச்சுவர்களின் விதித்தொகுப்புகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு இதனை உறுதிசெய்தது. தொகுப்பு எவ்வளவு சிக்கலோ, அவ்வளவு பிழைகள். சிக்கல் மிக்க தொகுப்புகளுள் நல்லதென ஒன்றும் தேறவில்லை.

இதற்குத் தொழிலுலகம் கண்ட தீர்வுகளுள் புதுமையானது எதுவும் இல்லை. லண்டனின் வட்டார அளவையர் அவற்றை உடனே அடையாளம் கண்டிருப்பார். விதிகளை வலையமைப்பின் பகுதிவாரியாகத் தலைப்பிட்டுத் தொகுத்தல், 1774இன் தரப்பிரிவு போன்றது. அட்டவணையின் ‘கருத்து’க் கட்டத்தில் இத்திறப்பைக் கேட்டவர் யார், காரணம் யாது, எந்நாள் வரை என்று எழுதுதல், அளவையருக்குத் தரும் அறிவிப்பைப் போன்றது. பலரும் வெறுமையாக விட்டுவிடும் அக்கட்டமே அட்டவணையில் மிக மதிப்புடையது எனலாம். ஏனையவை கருவிக்கு எழுதப்பட்டவை. அது ஒன்றே அடுத்த நிர்வாகிக்கு எழுதப்பட்டது. ஒவ்வொரு விதியும் எத்தனை முறை பொருந்தியது என்று காட்டும் எண்ணிக்கையைப் பார்த்து, பயனற்றதை முதலில் செயலிழக்கச் செய்து, சில காலம் பொறுத்துப் பின் நீக்குவது வழக்கம். ஆண்டுக்கொருமுறை மட்டும் தேவைப்படும் கணக்கு முடிப்பு போன்ற பணியின் விதியும் எண்ணிக்கை பூச்சியமாகத் தோன்றுமாதலின், அவ்வெண்ணை மட்டும் நம்பி நீக்குவது தவறாகும். பணம் செலுத்தும் அட்டைகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான பாதுகாப்புத் தரநிலை, ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் விதிகளை மறு ஆய்வு செய்யவேண்டும் என்று கட்டளையிடுகிறது. திருக்குறளின் அரண் அதிகாரம் மதிலின் உயரம், அகலம், திண்மை ஆகியவற்றைக் கூறினாலும், இறுதிக் குறளில் செயற்றிறம் உடையோர் இல்லாவிடத்து அரண் இருந்தும் பயனில்லை என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

யூஸ்டன் சாலை, 2023

1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சான நூல்கள் பதிவு செய்யப்பட்டுக் காலாண்டுப் பட்டியல்களில் இடம்பெற்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தமிழ் அச்சு நூல்களுக்கு எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. இந்தியா ஆபீஸ் நூலகமும் ஆவணங்களும் 1982இல் பிரிட்டிஷ் நூலகத்துடன் இணைந்தன. 2004இல் அந்நூலகம் தொடங்கிய அழிநிலை ஆவணக் காப்புத் திட்டத்தின் வழியாக, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முதலியவை படியெடுத்த தமிழ் அச்சு நூல்களும் ஆவணங்களும் இணையத்தில் திறந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதை அறிந்த ஆய்வுலகத்துக்கு, ஒரு நூல் ஈரிடங்களில் இருப்பதன் மதிப்பை விளக்க வேண்டுவதில்லை. லண்டன் பலருக்கு அவ்விரண்டாம் இடமாக இருந்தது.

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை காலை, யூஸ்டன் சாலையிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் செயலிழந்தன. ரைசிடா என்னும் பணயக்குழு ஊடுருவியிருந்தது. ஏறத்தாழ 600 கிகாபைட் கோப்புகள் களவாடப்பட்டன. அவற்றுள் 440 கிகாபைட் அன்று அதிகாலை வெளியேறியதாக நூலகம் பின்னர் அறிந்தது. கேட்ட பணயத்தை நூலகம் செலுத்தவில்லை. களவாடிய தரவு ஏலமிடப்பட்டு, பின்னர் இணையத்தின் இருண்ட பகுதியில் கொட்டப்பட்டது. வழங்கிகள் பல, மீட்பைத் தடுக்கும் பொருட்டும் தடயத்தை மறைக்கும் பொருட்டும் அழிக்கப்பட்டன.

2024 மார்ச் 8ஆம் நாள் நூலகம் தானே முன்வந்து வெளியிட்ட ஆய்வறிக்கை, பொது நிறுவனங்களின் வரலாற்றில் அரிதான நேர்மையுடையது. 16 பாடங்களை அது வகுத்துக் கூறுகிறது. அதன்படி, ஊடுருவலின் முதல் தடயம் அக்டோபர் 25 இரவில், தொலைநுழைவுக்கான வழங்கியொன்றில் காணப்பட்டது. நம்பகமான வெளிப்பங்காளர்களும் உள்நிர்வாகிகளும் எளிதில் அணுகுவதற்காக 2020 பிப்ரவரியில் அது நிறுவப்பட்டது. அதற்குத் தீச்சுவர் இருந்தது. தீநிரல் தடுப்பும் இருந்தது. ஆனால் கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்று கேட்கும் பலபடிச் சரிபார்ப்பு அவ்வாயிலுக்கு இல்லை. 2020இல் பிற சேவைகளுக்கு அது கொண்டுவரப்பட்டபோது, நடைமுறை வசதி, செலவு முதலிய காரணங்களால் இவ்வாயில் விடுபட்டது. வெளியார் நுழைவு பெருகிவருவதன் ஆபத்து 2022இன் இறுதியிலேயே குறிக்கப்பட்டு, 2024இல் மறு ஆய்வு செய்யத் திட்டமிடப்பட்டிருந்தது. தாக்குதல் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது.

அடுத்து அறிக்கை கூறுவதே வரலாற்று நோக்கில் மிக முதன்மையானது. நூலகத்தின் வலையமைப்பு பல்லாண்டுகளாகப் பகுதி பகுதியாக வளர்ந்தது. புதிய முறையில் வடிவமைத்த வலையமைப்பில் இருக்கும் உட்பிரிவுகள் அதில் இல்லை. ஆகவே ஒருவாயிலில் நுழைந்தோர், எட்டியிருக்க முடியாத இடங்களையெல்லாம் எட்டினர். நிதி, தொழில்நுட்பம், பணியாளர் பிரிவுகளின் கோப்புகளை ஒட்டுமொத்தமாகப் படியெடுத்தனர். ‘கடவுச்சீட்டு’, ‘மறைபொருள்’ போன்ற சொற்களைக் கொண்டு வலையமைப்பு முழுவதும் தேடினர். நிர்வாகிகளின் கருவிகளைக் கொண்டே 22 தரவுத்தளங்களுக்குப் படி எடுத்தனர். 1666இல் மதில் சூழ்ந்த நகரில் நெருப்பு பரவியதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. மதில் இருந்தது, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே பொதுச்சுவர் இல்லை. 2020இல் வைத்த வாயில், டூலி தெருவின் இரும்புக் கதவைப் போலவே, முறையான தேவைக்காக முறைப்படி திறக்கப்பட்டதுதான்.

இழப்பின் இயல்பையும் நுட்பமாக நோக்குதல் வேண்டும். எண்ணிமமாக்கிய தொகுப்புகளுக்கும் அவற்றின் விவரப் பதிவுகளுக்கும் பாதுகாப்பான படிகள் நூலகத்திடம் இருந்தன. அவற்றை மீட்டெடுத்து இயக்குவதற்குரிய கட்டமைப்பே இல்லாமற் போயிற்று. பழைய மென்பொருள்கள் பல, புதிய பாதுகாப்பு ஒழுங்கில் மீண்டும் இயங்கத் தக்கவையாக இல்லை. நூல் எரியவில்லை; நூலுக்குச் செல்லும் வழி எரிந்தது. அழிநிலை ஆவணத் திட்டத்தின் இணையதளமும் முடங்கியதால், தமிழகத்தில் படியெடுத்து லண்டனில் வைத்த தொகுப்பினைத் தமிழகத்து ஆய்வாளரே இணையவழியில் காண இயலாத நிலை நெடுநாள் நீடித்தது. தமிழ் மின்னூலகங்களை நடத்துவோர்க்கு இதில் ஒரு நடைமுறைக் குறிப்பு உண்டு. படங்களைச் சேமிக்கும் வழங்கி, வாசகர் தேடும் வழங்கி, ஒப்பந்ததாரர் நுழையும் வழி ஆகிய மூன்றுக்கும் இடையே இன்று எத்தனை விதிகள் உள்ளன, ஒவ்வொன்றும் யார் பெயரில், எந்நாள் வரை உள்ளது என்பதை ஒரே தாளில் எழுதிவிட முடிகிறதா என்று பார்ப்பதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

2024 ஜனவரி 15ஆம் நாள் நூலகத்தின் முதன்மைப் பட்டியல், தேடிப் பார்க்க மட்டும் இயலும் வடிவில் இணையத்துக்குத் திரும்பியது. யார்க்ஷயரின் பாஸ்டன் ஸ்பாவிலுள்ள தானியங்கிக் களஞ்சியத்தின் நூல்கள் அப்போதும் எட்டாமலே இருந்தன. யூஸ்டன் சாலைப் படிப்பறைகளுக்கு வந்த ஆய்வாளர்கள், பட்டியலில் கண்ட எண்ணைத் தாளில் எழுதிப் பணியாளரிடம் நீட்டி, அவர் அடுக்கிலிருந்து நூலை எடுத்து வரும் வரை காத்திருந்தனர்.